எட்டுக் கோணம், இரண்டே அளவு

ஏழாம் வகுப்புக் கணக்கில் குறுக்குவெட்டி வருகிறது. இரண்டு இணைகோடுகளை ஒரு கோடு சாய்வாக வெட்டுகிறது. எட்டுக் கோணங்கள் உண்டாகின்றன. எங்கள் காலனியின் மாலைப் படிப்பகத்துக்கு வரும் பிள்ளைகள் ஒத்த கோணங்கள், ஒன்றுவிட்ட உட்கோணங்கள், குத்தெதிர்க் கோணங்கள் என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். படத்தைக் கொஞ்சம் திருப்பி வரைந்தால் நின்றுவிடுவார்கள். "எனக்குக் கணக்கு வராதுக்கா" என்றாள் ஒரு சிறுமி. பன்னிரண்டு வயதில் இதை அவளாகவே கண்டுபிடித்திருக்க மாட்டாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்கள் தெருப் பிள்ளைகளைப் பற்றி வகுப்பறைகளில் இப்படிச் சொல்வது புதிதல்ல; நானும் கேட்டு வளர்ந்தவள்தான்.

பெயர்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இந்தப் பாடத்தில் இருப்பது இரண்டே அளவு. சிறிய கோணம் நான்கு, பெரிய கோணம் நான்கு. ஒரு சிறியதையும் ஒரு பெரியதையும் கூட்டினால் 180 டிகிரி. ஒன்று 65 என்று தெரிந்தால் மற்ற ஏழும் தெரிந்துவிடும்: 65 அல்லது 115. கோடு செங்குத்தாக வெட்டினால் எட்டுமே 90.

இதைக் காட்ட, கோடு போட்ட நோட்டில் ஒரு தாள் போதும். அதிலுள்ளவை எல்லாமே இணைகோடுகள். ஸ்கேல் வைத்துச் சாய்வாக ஒரு கோடு இழுக்கச் சொல்வேன். ஒரு கோணத்தை வேறு தாளில் படியெடுத்து, வெட்டி, மற்ற இடங்களில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். பொருந்துவதும் பொருந்தாததும் தானாகப் பிரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் பெயர். 'ஒன்றுவிட்ட' என்ற சொல்லை வேறு எங்கே கேட்டிருக்கிறீர்கள் என்றால் கூரை பறக்கக் கத்துவார்கள்: ஒன்றுவிட்ட அண்ணன், ஒன்றுவிட்ட அக்கா! குறுக்குவெட்டிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், அளவு மட்டும் ஒன்று. (புத்தகம் எழுதியவர் எந்தச் சொந்தத்தை நினைத்தாரோ!)

ஒரு நிபந்தனையை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கோடுகள் இணையாக இல்லாவிட்டாலும் குறுக்குவெட்டி உண்டு, 'ஒத்த கோணம்' என்ற பெயரும் உண்டு. அளவுதான் ஒத்துப்போகாது. குத்தெதிர்க் கோணங்கள் மட்டும் எப்போதும் சமம். பெயரை நம்பி மதிப்பெண்ணைப் பறிகொடுப்பது இங்கேதான். தலைகீழாகச் சொன்னாலும் சரி: ஒத்த கோணங்கள் சமமானால் கோடுகள் இணை. ஜியோமெட்ரி பாக்ஸிலுள்ள மூலைமட்டத்தை ஸ்கேலை ஒட்டி நகர்த்தி நாம் இணைகோடு வரைவது இதை வைத்துத்தான்.

"இத வச்சு என்னக்கா பண்றது?" என்று கேட்பார்கள். பூமியை அளக்கலாம் என்பேன். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எரட்டோஸ்தனிஸ் அப்படித்தான் அளந்தார். கோடையின் மிக நீண்ட பகலில், எகிப்தின் சயீன் நகரில், அதாவது இன்றைய அஸ்வானில், நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். வடக்கே அலெக்சாந்திரியாவில் அதே நேரம் நிழல் விழும். அங்கே சூரியன் உச்சியிலிருந்து சுமார் 7.2 டிகிரி விலகியிருக்கும். இரண்டு ஊரிலும் விழும் கதிர்கள் இணைகோடுகள். அலெக்சாந்திரியாவில் நட்ட குச்சியைப் பூமியின் மையம்வரை மனதில் நீட்டினால் அதுதான் குறுக்குவெட்டி. ஆகவே மையத்திலும் அதே 7.2 டிகிரி, ஒன்றுவிட்ட கோணம். அது முழு வட்டத்தில் 50-ல் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் இடையிலான தூரத்தை 50 ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு.

கரும்பலகையில் இதை வரைந்து முடித்ததும் பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்தான். "வெயில் இணையாத்தான் வருதுன்னு யாருக்கா பார்த்தது?"

சூரியன் அவ்வளவு தொலைவில் இருப்பதால் அப்படி எடுத்துக்கொள்ளலாம் என்றேன்.

"எவ்வளவு தொலைவு?"

சுமார் 15 கோடி கிலோமீட்டர் என்றேன். அதை எப்படி அளந்தார்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. அன்று படிப்பகத்தைப் பூட்ட நேரமாகிவிட்டது.