ஒய்.பி. எஞ்சினுக்கு என்ன நிறம்?

ராஜகுளம், புரட்டாசி 28

பார்சல் வந்து சேர்ந்தது. உள்ளே பழைய அமெரிக்க மாதிரி எஞ்சின். முன்னால் நான்கு சிறு சக்கரம், நடுவில் ஆறு பெரிய சக்கரம், பின்னால் இரண்டு. ‘பசிபிக்’ என்று சொல்லும் வகை. கரி சுமக்கும் டெண்டரில் ஏதோ ஓர் அமெரிக்க ரயில் கம்பெனியின் பெயர் வெள்ளை எழுத்தில் இருக்கிறது. எனக்கு வேண்டியது அதன் சக்கரமும் மோட்டாரும். மேல்கூட்டை மாற்றி, நம் மீட்டர் கேஜில் ஓடிய ஒய்.பி. எஞ்சினாக ஆக்கப்போகிறேன்.

இந்த எஞ்சினைத் தேர்ந்தெடுத்ததற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. உலகத்தில் அதிகம் புழங்கும் மாதிரி ரயில் அளவு ஹெச்.ஓ. அசலில் 87-ல் ஒரு பங்கு. அதன் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அது ஐரோப்பா, அமெரிக்காவின் 1,435 மி.மீ. பாதைக்குப் பொருந்தும். நம் அகலப் பாதை 1,676 மி.மீ. என்பதால், அதன் மேல் நிறுத்தும் இந்திய எஞ்சினெல்லாம் கால் ஒடுங்கியே நிற்கும். மீட்டர் கேஜுக்கோ அது அகலம். அதற்கென்றே 12 மி.மீ. தண்டவாளம் உண்டு. கிடைப்பது அரிது, விலையும் எட்டாது. நியூசிலாந்தில் 1,067 மி.மீ. பாதை. அங்குள்ள மாதிரிக்காரர்கள் தண்டவாளத்தை விட்டுவிட்டு அளவை மாற்றிக்கொண்டார்கள். 64-ல் ஒரு பங்கு என்று வைத்தால் சாதாரண 16.5 மி.மீ. தண்டவாளமே அவர்களுக்குச் சரியாக அமைகிறது. நம் 1,000 மி.மீ. பாதை அந்த அளவில் 15.6 மி.மீ. வரும். ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. ஒய்.பி.யின் பெரிய சக்கரம் நாலரை அடி, அதாவது 1,372 மி.மீ. அதை 64-ஆல் வகுத்தால் 21.4. அமெரிக்க பசிபிக்கின் 73 அங்குலச் சக்கரத்தை 87-ஆல் வகுத்தால் 21.3. இந்த இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

ஐப்பசி 5

எங்கள் ஊருக்கு ரயில் இல்லை. உத்திரமேரூருக்கே இல்லை. ரயில் பார்க்க வேண்டுமென்றால் வாலாஜாபாத் போக வேண்டும், இல்லையென்றால் திருமுக்கூடல் பாலத்தைத் தாண்டிப் பழையசீவரம் போக வேண்டும். செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் வழியாக அரக்கோணம் போகும் அந்தப் பாதை மீட்டர் கேஜாக இருந்த காலத்தைத்தான் நான் பலகையில் கட்டுகிறேன். பழையசீவரம் மலை, அடிவாரத்தில் ஸ்டேஷன், எதிரே பாலாறு.

இன்று பழைய பெயின்ட்டை எடுத்தேன். பிளாஸ்டிக் கூட்டைக் கழற்றி ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் மூழ்க வைத்து, ஊறிய பிறகு பழைய பல்துலக்கியால் தேய்த்தால் பெயின்ட் தோல் தோலாக உரிந்து வருகிறது. தின்னரைத் தொடவே கூடாது, பிளாஸ்டிக்கையே தின்றுவிடும். கூட்டில் அச்சாகவே வார்த்திருந்த கைப்பிடிக் கம்பிகளைக் கத்தியால் சீவி எடுத்தாயிற்று. அந்த இடத்தில் நிஜக் கம்பி வர வேண்டும். மோட்டார் வைண்டிங் கடையில் கழித்துப் போட்ட செம்புக் கம்பி இதற்கு மிக நல்லது. இழுத்து நிமிர்த்தினால் நேராக நிற்கும், சொன்ன இடத்தில் வளையும்.

ஐப்பசி 11

குழாய்களில் நாள் முழுக்கப் போயிற்று. பாய்லரின் பக்கவாட்டில் ஓடும் ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு வேலை உண்டு. இஞ்செக்டரிலிருந்து தண்ணீர் ஏறும் குழாய் பாய்லரில் எங்கே நுழைகிறது, பிரேக்குக்கான குழாய் எங்கே இறங்குகிறது என்று தெரியாமல் கம்பியை ஒட்டினால் அது வெறும் அலங்காரம். பெரியப்பா விழுப்புரம் ஷெட்டில் ஃபயர்மேனாக இருந்தவர். அவரைக் கூட்டிவந்து உட்கார வைத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கூட்டைக் கண்ணருகே பிடித்து, ஒவ்வொன்றையும் விரலால் தடவிச் சொன்னார். கேபுக்குள் எந்த வால்வு எந்தக் கைக்கு எட்டும் என்பதுவரை அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது.

1949 முதல் 1970 வரை 871 ஒய்.பி. எஞ்சின்கள் கட்டப்பட்டன. பெரும்பகுதி ஜாம்ஷெட்பூரில் டெல்கோ கட்டியவை. அத்தனையிலும் கரியை மண்வெட்டியால் அள்ளிப் போட்டது இவரைப் போன்ற மனிதர்கள்தான்.

ஐப்பசி 20

மழை. ஏரி நிரம்பிக்கொண்டிருக்கிறது. காற்றில் இவ்வளவு ஈரம் இருக்கும்போது ஏர்பிரஷைத் தொடுவதில்லை. லாக்கர் பெயின்ட்டில் ஈரம் சிக்கினால் மேலே பால் படர்ந்தாற்போல் வெளுத்துவிடும். கம்ப்ரசரில் ஈரம் பிடிக்கும் வடிகட்டி இருந்தாலும் வீட்டுக்குள் நிற்கிற ஈரத்தை அது என்ன செய்யும்? எஞ்சினை மூடி வைத்துவிட்டு மாதிரியின் நில வேலையில் இறங்கினேன்.

தண்டவாளத்துக்கு அடியில் போடும் ஜல்லி அசலில் ஏறத்தாழ 50 மி.மீ. 64-ல் ஒரு பங்கு என்றால் முக்கால் மில்லிமீட்டர் சொச்சம். வெளிநாட்டில் பொட்டலம் போட்டு விற்கிறார்கள். உத்திரமேரூர் வட்டாரத்தில் கல்குவாரிக்கும் கிரஷருக்கும் பஞ்சமில்லை. கிரஷர் தூசியை இரண்டு சல்லடையில் சலித்தால் நடுவில் நிற்பது அசல் ஜல்லி. நிறமும் அதே கருங்கல் நிறம், ஏனென்றால் அது அதே கல். மண்ணும் அப்படித்தான். கரைமேட்டிலிருந்து எடுத்து, வெயிலிலும் பிறகு வாணலியிலும் காயவைத்து, மெல்லிய துணியில் சலிக்க வேண்டும். கடைசியாகக் காந்தத்தை அதன் மேல் ஓட்டுவது கட்டாயம். நம் மண்ணில் இரும்புத்துகள் அதிகம். ஒரு துகள் எஞ்சினுக்குள் ஏறி மோட்டாரின் காந்தத்தில் ஒட்டினாலும் மோட்டார் போய்விடும்.

தூவிய பின் ஒட்டுவதற்கு, தண்ணீரில் கரைத்த ஃபெவிகாலில் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு. அது இல்லாவிட்டால் பசை மண்ணுக்குள் இறங்காது, முத்து முத்தாக மேலேயே நிற்கும். இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விட வேண்டும்.

ஐப்பசி 27

மரங்கள். கடையில் கிடைப்பது ஊசியிலை மரம், ஓக் மரம். அவற்றை வைத்தால் பழையசீவரம் சுவிட்சர்லாந்து ஆகிவிடும். எனக்கு வேண்டியது பனை. ஐம்பது அடிப் பனை இந்த அளவில் ஏறத்தாழ 24 செ.மீ. உயரம். எஞ்சினோ ஐந்தரை செ.மீ.தான். மாதிரிக்காரர்கள் பலர் மரத்தைக் குட்டையாக்கி விடுவார்கள், ரயில் பெரிதாகத் தெரியட்டும் என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. பனைகளுக்குக் கீழே ரயில் சிறுத்துப் போவதுதான் எங்கள் பக்கத்துக் காட்சி.

மூங்கில் குச்சியில் நூல் சுற்றி, மேலே மரத்தூள் கலந்த பசை பூசினால் பனையின் வரி வந்துவிடுகிறது. ஓலைக்குத் தாளை விசிறியாக மடித்துக் கத்தரிக்கிறேன். சீவாத பனைக்குக் கொண்டைக்குக் கீழே காய்ந்த மட்டைகள் தொங்க வேண்டும். நெல்லுக்குத் தேங்காய்நார்க் கால்மிதியடி. கொத்துக் கொத்தாக வெட்டி, பச்சை தோய்த்து வரிசையில் நட்டால் சம்பா நாற்று.

கார்த்திகை 4

மழை விடாத நேரத்தில் இங்கிலாந்தின் பெண்டன் அருங்காட்சியகத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆஸ்திரேலியாவிலிருந்து 1925-ல் இங்கிலாந்துக்குப் போன ராய் இங்லண்ட் என்ற இளைஞர், ‘வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு’ என்ற பகுதியின் கூரை வீடுகள் கண்முன்னே இடிபட்டும் உருமாறியும் போவதைக் கண்டு வருந்தினார். ஒவ்வொரு வீட்டையும் அளந்து, நிறத்தைக் குறித்து, 76-ல் ஒரு பங்கு அளவில் செய்யத் தொடங்கினார். அதுவே 1954-ல் அருங்காட்சியகமாக நிலைபெற்றது. செங்கல்லின் நிறம், தோட்டத்தில் இருந்த செடி என்று எதையும் அவர்கள் ஊகத்துக்கு விடவில்லை. நம் நாட்டில் புனேயில் ஜோஷி அவர்களின் மாதிரி ரயில் அருங்காட்சியகம் 1998-லிருந்து இருக்கிறது. குழந்தைகள் கைதட்டிப் பார்க்கும் இடம், நல்ல உழைப்பு. ஆனால் ஒரு குறிப்பிட்ட ஊரை, ஒரு குறிப்பிட்ட ஆண்டில் இருந்தபடியே நிறுத்தி வைக்கும் வேலை தமிழ்நாட்டில் நடக்க வேண்டும் என்பது என் ஆசை. மீட்டர் கேஜ் போய்விட்டது. அந்த ஸ்டேஷன்களில் பல இடிந்தன, மாறின. அளந்து வைக்க யாரும் போகவில்லை.

கார்த்திகை 19

வெயில் அடித்தது. முதலில் சாம்பல் பிரைமர், மிக மெல்லியதாக. பிரைமர் காய்ந்ததும் கீறலும் பசைத் தடமும் தெரிந்துவிடும். அவற்றைத் தேய்த்துச் சரிசெய்து இன்னொரு பூச்சு. பிறகு கறுப்பு. முன்பக்கத் தாங்கு சட்டத்துக்குச் சிவப்பு, மாஸ்கிங் டேப் ஒட்டி.

மாலையில் பெரியப்பா வந்தார். எஞ்சினைப் பார்த்ததும் முகம் மாறியது.

“என்னாப்பா இது, செருப்பு பாலிஷ் போட்டாப்ல இருக்குது? வேலை செய்யற எஞ்சின் இப்டி எங்க இருந்திச்சு?”

“கறுப்புதானே பெரியப்பா?”

“கறுப்புதான். ஒரே கறுப்பு இல்ல. முன்னாடி ஸ்மோக் பாக்ஸ் சூட்டுல வெந்து சாம்பலா இருக்கும். பாய்லர் எண்ணெய் தொடச்சு மினுங்கும். கீழ சாம்பல் தொட்டிகிட்ட துரு. பாய்லர் கழுவற பிளக்ல இருந்து உப்புத்தண்ணி வெள்ளையா கோடு போட்டிருக்கும். எக்ஸ்பிரஸ் லிங்க் எஞ்சின்னா நாங்க காட்டன் வேஸ்ட்ல மண்ணெண்ணெய் நனைச்சு தொடப்போம். கூட்ஸ் எஞ்சின யாரு தொடப்பா?”

அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். ஒரு வண்ணக் கையேட்டிலும் இது கிடைக்காது. பூங்காக்களிலும் ஸ்டேஷன் வாசல்களிலும் நிறுத்திவைத்த எஞ்சின்களைப் பார்த்து நிறம் எடுக்க முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை எனாமலில் முழுக்காட்டி, சக்கர விளிம்புக்கு வெள்ளையும் குழாய்க்குப் பச்சையும் அடித்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதைத்தான் நீராவி எஞ்சின் என்று நம்பி வளர்கிறார்கள்.

மார்கழி 8

பெரியப்பாவின் குறிப்புப்படி வேலை. சிறிய பொருளில் சுத்தக் கறுப்பு கண்ணுக்குக் கனத்துத் தெரியும். எட்டத்தில் நிற்கும் எஞ்சினுக்கும் நமக்கும் நடுவில் உள்ள காற்று நிறத்தை வெளுக்கச் செய்கிறது, அந்த வெளுப்பைப் பெயின்ட்டிலேயே கலக்க வேண்டும். கறுப்பில் கொஞ்சம் பழுப்பும் சாம்பலும் சேர்த்தேன். ஸ்மோக் பாக்ஸுக்குத் தனிக் கலவை. எண் ஒட்டுவதற்கு முன் பளபளப்பு வார்னிஷ், அப்போதுதான் தண்ணீரில் நழுவும் ஸ்டிக்கரின் விளிம்பு தெரியாது. அது காய்ந்ததும் மேலெல்லாம் மங்கல் வார்னிஷ். பாய்லரில் மட்டும் எண்ணெய் மினுக்கம் வரும்படி அரைப் பளபளப்பு. துருவுக்கும் சாம்பலுக்கும் சாக்பீஸ் தூள், மென்மையான தூரிகையால். உப்புக் கோடுகளுக்கு ஒற்றை மயிரில் வெள்ளை. டெண்டரில் நிஜ நிலக்கரியை நுணுக்கிப் போட்டேன்.

ஆயுத பூஜை அன்று ஷெட்டில் எஞ்சின்களுக்கு வாழைக்கன்று கட்டி, சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். அந்தப் பொட்டு மழையில் கரைந்து சில நாள் கறையாக நிற்கும் என்று பெரியப்பா சொன்னார். தாங்கு சட்டத்துக்கு மேலே மஞ்சளும் சிவப்பும் கலந்த சிறு கறை வைத்தேன். இந்த எஞ்சினில் எனக்கு மிகப் பிடித்த இடம் அது.

மார்கழி 17

பெட்டிகளுக்கு நிறம் பிரச்சினை இல்லை. 1990களில் நீலம் வரும்வரை செங்கல் சிவப்புதான். கூரை வெள்ளிச் சாம்பல், அதன் மேல் கரிப்புகை. ஸ்டேஷன் பெயர்ப் பலகையோ யோசிக்க வைத்தது. மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து, கடல் மட்டத்திலிருந்து உயரம். எந்த ஆண்டு என்று முடிவு செய்தால்தான் பலகை எழுத முடியும். 1952-ல் பெரியார் அழைப்பு விடுக்க, தமிழகம் எங்கும் ஸ்டேஷன் பலகைகளில் இந்தி எழுத்தின் மேல் தார் பூசினார்கள். அதை மாதிரியில் வைப்பதா என்று தயங்க வேண்டியதில்லை. ஐம்பதுகளைக் கட்டுகிறவர் வைக்கத்தான் வேண்டும். நான் கட்டுவது எழுபதுகள், பெரியப்பாவின் காலம். பலகை சுத்தமாக இருக்கிறது.

பாலாற்றுக்கு ரெசின் ஊற்றவில்லை. மணல்தான் ஆறு, ஒரு ஓரத்தில் மட்டும் மெல்லிய நீர்க்கோடு. ஆற்று மணலையே போட்டால் இந்த அளவில் அது கூழாங்கல் ஆகிவிடும், ஆகவே ஏரி வண்டலை இடித்துச் சலித்தேன். மணல் அள்ளி இன்று இருக்கும் குழிகள் என் ஆற்றில் இல்லை. கரைக்குக் கரை மேடாக மணல் நிறைந்திருக்கிறது, எழுபதுகளில் இருந்தது போல.

தை 2

பார்வேட்டை. காஞ்சி வரதர் பழையசீவரம் மலைக்கு வரும் நாள். பிறகு ஆற்றைக் கடந்து திருமுக்கூடல் போவார். கூட்டத்தோடு கூட்டமாக நானும் பெரியப்பாவும் போனோம். பழைய ரயில்வேக்காரர் இருவர் அகப்பட்டார்கள். எஞ்சினின் படத்தைக் காட்டினேன். ஒருவர் உடனே, சிக்னல் கம்பத்தின் அடிப்பகுதி கறுப்பு, எவ்வளவு உயரம் வரை என்று தன் இடுப்பில் கைவைத்துக் காட்டினார். மற்றவர் கேட் வீட்டின் சுவர் காவி கலந்த மஞ்சள் என்றார். முதலாமவர் மறுத்தார், வெள்ளை என்றார். இருவரும் சொன்னதைக் குறித்துக்கொண்டேன். தீர்த்துவைக்க ஒரு வண்ணப் புகைப்படம் வேண்டும்.

படிக்கிறவர்களிடம் கேட்பது இதுதான். மீட்டர் கேஜ் காலத்தில் செங்கல்பட்டு–அரக்கோணம் பாதையில், அல்லது தமிழ்நாட்டின் எந்த ஸ்டேஷனிலும் எடுத்த குடும்பப் படம் உங்கள் வீட்டில் இருந்தால், ஆட்களுக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று பாருங்கள். சுவரா, பெட்டியா, சிக்னலா? படத்தின் பின்புறத்தில் ஊரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். வீட்டில் ஓய்வுபெற்ற டிரைவரோ, ஃபயர்மேனோ, கேட்மேனோ இருந்தால், அவரிடம் நிறத்தைக் கேட்டு இந்த வாரமே எழுதிக்கொள்ளுங்கள்.