ஒரு நூலுக்குள் 125

தச்சர் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. கதவுக்கும் ஜன்னலுக்கும் அது போதும். வில் செய்ய உட்கார்ந்தால் அந்த ஒரு நூலையே 125 கூறாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு கூறு, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று.

மேப்பிள், மூங்கில் பட்டைகளை எபாக்சி பூசி அடுக்கி, இரு முகத்திலும் ஃபைபர் கிளாஸ் ஒட்டினால் வில்லின் கை தயார். அதன் தடிமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும். அதனால் 400 கூறு கனமுள்ள அடுக்கில் நாலே கூறு மிஞ்சினால், 50 பவுண்டு வில் ஐம்பத்தொன்றரைக்குப் போய்விடும். வில்லின் வலுவை உப்புத்தாள்தான் தீர்மானிக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

பட்டை ஒரே கனமாக இருந்தாலும் போதாது. பிடியிலிருந்து நுனிக்கு அங்குலத்துக்கு 2 கூறு வீதம் மெலிய வேண்டும். 36 அங்குலப் பட்டை அடியில் 130 என்றால் நுனியில் 58. அதே சரிவில் செதுக்கிய பலகைமேல் பட்டையை ஒட்டி, உப்புத்தாள் சுற்றிய, சுழலும் உருளைக்கு எதிர்த்திசையில் தள்ளுகிறேன். நடுவில் கை நிற்கக் கூடாது. ஆரம்பத்தில் ஒரு தடவை கை மாற்றிப் பிடிக்க நிறுத்தினேன். அந்த இடத்தில் விழுந்த பள்ளம் கண்ணுக்குத் தெரியவில்லை. வில்லை வளைத்தபோது அதன் கை அங்கேதான் மடங்கியது. நல்ல மேப்பிள் அது. இன்றும் மனம் ஆறவில்லை.

கடைசிச் சில கூறுகளுக்கு உருளையை இறக்க மாட்டேன். அதே வைப்பில் இன்னொரு முறை விட்டாலும் கொஞ்சம் உதிரும். ஒரே மரத்துண்டில் அறுத்த இரண்டு பட்டைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக விடுவேன், மேல்கையும் கீழ்க்கையும் ஒத்துப்போக. சூடு தணிந்த பிறகுதான் காலிப்பர் வைப்பது. வழவழப்பாக்கும் ஆசை வரும், வேண்டாம். 60ஆம் எண் தாளின் கீறல்களில்தான் பசை பிடிக்கும்.

பிறகு இரண்டு பட்டைகளையும் முகத்தோடு முகம் சேர்த்து, லேசாக அழுத்தி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கிறேன். நடுவே ஒரு கீற்று ஒளி கசிந்தாலும், சரிவுப் பலகையை மறுபடி எடுக்கிறேன்.