சபா இல்லாத கலை: மும்பைப் புறநகரில் மெட்டல் இசைக்குழுக்கள்

மும்பையின் மத்திய ரயில் பாதையில் காஞ்சூர்மார்க்கை அடுத்து வரும் பாண்டுப், லால் பகதூர் சாஸ்திரி சாலையோரம் எழுந்த ஆலைகளையும், அவற்றில் வேலை தேடி வந்த மராத்தியர், தமிழர், வட இந்தியர் ஆகியோர் குடியேறிய ‘சால்’ எனப்படும் வரிசை வீடுகளையும் கொண்டு வளர்ந்த புறநகராகும். ஏஷியன் பெயிண்ட்ஸ், சியட், கெஸ்ட் கீன் வில்லியம்ஸ் ஆகியவை இங்கு இயங்கிய ஆலைகளுள் பெயர் பெற்றவை. இவற்றுள் கடைசியாகக் குறிப்பிட்ட நிறுவனம், இங்கிலாந்தில் பர்மிங்காமை ஒட்டிய ஸ்மெத்விக்கில் திருகாணி ஆலை நடத்திய கெஸ்ட் கீன் நெட்டில்ஃபோல்ட்ஸ் குழுமத்தோடு தொடர்புடையது. மெட்டல் இசை பிறந்த ஊரும் அந்தப் பர்மிங்காமே. அங்கு 1965இல் தகட்டு ஆலையொன்றில் இயந்திரத்தில் சிக்கி வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்த டோனி அயோமி, விரல்களில் உறை மாட்டிக்கொண்டு மெல்லிய தந்திகளில் வாசிக்கப் பழகினார். அவர் இடம்பெற்ற பிளாக் சபாத் குழு 1970 பிப்ரவரியில் வெளியிட்ட முதல் இசைத்தட்டே இவ்வகையின் தொடக்கமாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. ஆலைத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து எழுந்த இசை, ஆலைகள் ஓய்ந்துவரும் மும்பைப் புறநகரங்களில் இன்று எவ்வாறு வாசிக்கப்படுகிறது என்பதை அதன் உழைப்பின் பக்கத்திலிருந்து காண்பது பயனுடையது.

மெட்டல் கிடாரின் கரகரப்பு, ‘டிஸ்டார்ஷன்’ எனப்படும் சிதைவிலிருந்து வருகிறது. ஒலிபெருக்கும் சுற்று தாங்கக்கூடிய அளவுக்கு மேல் ஒலிக்குறியைச் செலுத்தும்போது அலையின் முகடுகள் வெட்டுண்டு, மூல சுரத்தோடு பல மேற்சுரங்களும் சேர்ந்து ஒலிக்கின்றன. இந்நிலையில் மூன்று நான்கு சுரங்களை ஒருங்கே மீட்டினால் ஒலி குழம்பிவிடுமாதலால், சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் சேர்ந்த ‘பவர் கார்டு’ இவ்விசையின் அடிப்படைச் சொல்லாகியிருக்கிறது. மீட்டும் கையின் ஓரத்தைத் தந்திகளின் அடிப்பாலத்தில் மெல்லப் பதித்து நாதத்தை அடக்கும் ‘பாம் மியூட்’ முறை, ஒவ்வோர் அடியையும் தனித்துத் தெறிக்கச் செய்கிறது. தாளக்காரர் இரு கால்களாலும் பெருமுரசை அடிக்கிறார். நிமிடத்துக்கு 200 தட்டு என்ற வேகத்தில், சதுஸ்ர நடைபோல ஒரு தட்டுக்கு 4 அடிகள் வீதம் கணக்கிட்டால் நொடிக்கு 13 அடிகளுக்கு மேல் ஆகிறது. ‘க்ரௌல்’ எனப்படும் உறுமல் குரலும், உண்மையான குரல்நாண்களுக்கு மேலுள்ள பொய்நாண்களை அதிரவைத்து, வயிற்றிலிருந்து மூச்சைச் சீராகத் தள்ளி எழுப்பப்படும் பயிற்சிக் குரலேயன்றித் தொண்டையைக் கிழித்துக்கொள்ளும் கத்தல் அன்று. பயிற்சியின்றி முயல்பவர் சில பாடல்களுக்குள் குரலை இழக்கிறார்.

இத்தகைய ஒலியை வீட்டில் எழுப்ப இயலாது என்பதால், குழுக்கள் ‘ஜாம் ரூம்’ எனப்படும் வாடகைப் பயிற்சி அறைகளை நாடுகின்றன. குடியிருப்பின் கீழ்த்தளத்திலோ, தொழிற்பேட்டைகளில் ‘காலா’ என்று மும்பைக்காரர்கள் சொல்லும் சிறு கூடங்களிலோ, சுவரெங்கும் பஞ்சும் நுரையும் ஒட்டி அமைக்கப்படும் இவ்வறைகளில் முரசுத் தொகுதியும் ஒலிபெருக்கிகளும் நிலையாக இருக்கும். மணிக்கணக்கில் ஆகும் வாடகை குழுவினரிடையே பங்கிடப்படும். அலுவலகத்திலிருந்தும் கல்லூரியிலிருந்தும் வந்து சேரும் நால்வர் அல்லது ஐவருக்குக் கிடைப்பது வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரமே ஆகையால், தனித்தனிப் பயிற்சி வீட்டில் முடிந்திருக்க வேண்டும் என்பதும், அறைக்குள் கூட்டாக இசைவது மட்டுமே நடக்க வேண்டும் என்பதும் எழுதாத விதிகள். தாளக்காரரின் காதில் ‘க்ளிக்’ என்னும் தாளமானியின் ஒலி விடாது ஓடுகிறது. நிகழ்ச்சி நெருங்கும்போது பாடல் வரிசையே தனிப் பயிற்சிப் பொருளாகிறது. அரை மணி நேர ஒதுக்கீட்டில் ஐந்தாறு பாடல்களே அடங்கும். ஒரே சுருதியில் அமைந்தவற்றை அடுத்தடுத்து வைத்தால்தான் மேடையில் தந்தி திருத்தும் நேரம் மிச்சமாகும்.

நிகழ்ச்சி நாளின் முதல் வேலை சுமை தூக்குவது. கிளப்புகள் பெரும்பாலும் அந்தேரி, கார், லோயர் பரேல் என மேற்குப் பாதையை ஒட்டியே அமைந்திருப்பதால், பாண்டுப்பிலிருந்து புறப்படுபவர் தாதரில் பாதை மாற வேண்டும்; அல்லது 2014 ஜூனில் தொடங்கிய காட்கோபர்–அந்தேரி–வெர்சோவா மெட்ரோவைப் பிடிக்க வேண்டும். முரசுத் தொகுதியின் பெரும் பகுதியையும் ஒலிபெருக்கிகளையும் அரங்கோ அமைப்பாளரோ தருவது வழக்கம். இதற்கு ‘பேக்லைன்’ என்று பெயர். தாளத்தட்டுகள், சிறுமுரசு, காலடி மிதிகள் ஆகியவற்றைத் தாளக்காரர் தாமே கொண்டுவருகிறார். கிடார்க்காரர்கள் பலர், கனத்த ஒலிபெருக்கியின் இயல்பைக் கணினி முறையில் போலச்செய்யும் சிறு பெட்டியொன்றை முதுகுப் பையில் வைத்துக்கொண்டு, அதை நேரே ஒலிக்கலவை மேசையோடு இணைத்துவிடுகின்றனர். நெரிசல் மிக்க லோக்கல் ரயிலின் நகரத்தில் இந்தப் பெட்டி பெரும் விடுதலையாகும்.

அரங்கில் ஒலிச் சோதனை தலைகீழ் வரிசையில் நடப்பது வழக்கம்: கடைசியாக வாசிக்கும் குழு முதலில் சோதிக்கிறது, முதலில் வாசிக்கும் குழு கடைசியில் சோதித்து, அந்த அமைப்பிலேயே நிகழ்ச்சியைத் தொடங்குகிறது. சிறிய கூடத்தில் முரசின் ஒலி தானாகவே நிறைந்துவிடுவதால், பிற கருவிகளை அதற்கு மேல் உயர்த்தினால் சொற்கள் கேட்காது, தாழ்த்தினால் கிடார் கேட்காது. புதிய குழுவின் முதல் நிகழ்ச்சி கெடுவதற்கு வாசிப்பைவிட இந்தச் சமநிலைக் குறைவே பெரும்பாலும் காரணமாகிறது. குழுக்களுக்கு இடையிலுள்ள சில நிமிடங்களில் ஒருவர் கழற்ற மற்றவர் மாட்டுவதும், போட்டிக் குழுவின் கம்பியைச் சுருட்டிக் கொடுப்பதும் இத்தொழிலின் நாகரிகம்.

இக்கலைக்கு மும்பையில் நெடிய வரலாறு உண்டு. 1986இல் தொடங்கிய ‘இண்டிபெண்டன்ஸ் ராக்’ விழாவுக்குத் தோபி தலாவ் அருகிலுள்ள ரங் பவன் திறந்தவெளி அரங்கு நெடுங்காலம் இல்லமாக இருந்தது. மருத்துவமனையும் கல்லூரியும் அருகிலிருந்ததால் அமைதி மண்டல விதிகளின்கீழ் அங்கு இசை நின்றுபோயிற்று. சாஹில் மகிஜா 2000இல் தொடங்கிய டெமோனிக் ரெசரெக்‌ஷன், திருமாலின் பத்து அவதாரங்களைப் பொருளாகக் கொண்ட ‘தசாவதார்’ தொகுப்பை 2017இல் வெளியிட்டது. பயானக் மௌத், ஸ்க்ரைப், கட்ஸ்லிட், ஜிக்னிமா முதலிய குழுக்களும் இந்நகரில் வளர்ந்தவையே. ஜுஹுவின் ராஸ்பெரி ரைனோசெரஸ், அந்தேரியின் பி69, ஆலை வளாகமொன்றில் 2007இல் திறந்து 2016இல் மூடிய லோயர் பரேல் ப்ளூ ஃப்ராக் என அரங்குகள் ஒவ்வொன்றாக மறைந்தபோது, புதிய குழு முதல் மேடை ஏறும் படிகளும் குறைந்தன.

அரங்குகள் நிலைக்காமைக்குச் சட்டமும் பொருளாதாரமும் சேர்ந்தே காரணம். 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் இரவு 10 மணிக்குமேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. பொதுநலன் நோக்கிய இவ்விதி நியாயமானதே எனினும், அதன் விளைவாக இரவு இசை மூடிய கூடங்களுக்குள் சென்றது. கிளப்பின் வருவாயோ நுழைவுச்சீட்டைவிட மதுவையும் உணவையும் நம்பியது. மகாராஷ்டிரத்தில் பீர் அருந்த 21 வயதும் கடுமதுவகைகளுக்கு 25 வயதும் ஆகியிருக்க வேண்டும் என்பதால், மெட்டலை மிகுதியாக நேசிக்கும் பதினெட்டு, பத்தொன்பது வயதினரை வாசலிலேயே நிறுத்தும் கிளப்புகள் பல. கல்லூரி விழாக்கள் இக்குறையை ஓரளவு நிரப்பின: பாண்டுப்புக்கு அருகே பவாய் ஐஐடியின் ‘மூட் இண்டிகோ’ விழாவில் ராக் குழுக்களுக்கான போட்டி நடக்கிறது, சென்னை ஐஐடியின் ‘சாரங்’ விழாவில் ஸ்வீடனின் ஓபெத் குழு 2009இல் வாசித்தது. ஆனால் விழா ஆண்டுக்கு ஒருமுறை வருவது; கலை மாதந்தோறும் மேடை கேட்பது.

மேடை கிடைத்தால் மட்டும் போதாது, கூலியும் வேண்டும். பிள்ளையார் சதுர்த்தி ஊர்வலத்துக்குப் பாண்டுப் தெருக்களில் வாசிக்கும் ‘பேஞ்சோ பார்ட்டி’, விழாக் குழுவாகிய மண்டலிடம் கூலி பேசிக்கொண்டே புறப்படுகிறது. கிளப்பில் வாசிக்கும் புதிய மெட்டல் குழுவோ, அறை வாடகை, தந்தி, பயணம் ஆகியவற்றைக் கழித்தால் கைப்பணம் இழந்து வீடு திரும்புவதே மிகுதி. வேறுபாடு திறமையில் இல்லை, ஆதரிக்கும் அமைப்பில் இருக்கிறது. இதை மும்பைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1952இல் தொடங்கப்பட்ட ஷண்முகானந்த சபா, உறுப்பினர் சந்தாவைக் கொண்டு கர்நாடக இசைக்கு இந்நகரில் நிலையான மேடை தந்தது. 1990இல் தீக்கிரையான அதன் அரங்கு 1998இல் மீண்டும் திறந்ததற்கும் அத்தகைய கூட்டு ஆதரவே அடிப்படை. மெட்டலுக்கு அத்தகைய சபா எதுவும் அமையவில்லை. வாசிப்பவர்களே புரவலர்களாகவும் இருக்கின்றனர். மாட்டுங்கா முதல் பாண்டுப் வரை கூடம் வைத்திருக்கும் சங்கங்களும் பள்ளிகளும் மாதம் ஒரு ஞாயிறு பிற்பகலை, மதுவும் வயது வரம்பும் இல்லாமல், ஒலிக்கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு இக்குழுக்களுக்கு ஒதுக்க வேண்டும். தங்கள் பிள்ளைகளும் அக்குழுக்களில் இருக்கலாம் என்பதைச் சங்கப் பொறுப்பாளர்கள் எண்ணிப் பார்ப்பது நல்லது.