பஞ்சு அடைத்த பாட்டறை

வீட்டில் ஒலிப்பதிவு ஸ்டுடியோ வைக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் மைக்கின் விலையில்தான் தொடங்குவார்கள். திருப்பூரை அடுத்த மங்கலத்திலிருந்து சாமளாபுரம் போகும் சாலைப் பக்கம் அந்தப் பேச்சு வேறு இடத்தில் தொடங்குகிறது. பக்கத்தில் எத்தனை தறி ஓடுகிறது? எந்தக் கிழமை நிறுத்துவார்கள்? மதிய மின்வெட்டு எத்தனை மணிக்கு?

நான் பார்க்கப் போன ஸ்டுடியோ ஒரு லைன் வீட்டின் கடைசி அறை. அதன் சொந்தக்காரர் பனியன் கம்பெனியில் ஃபிளாட்லாக் டெய்லர். சீசனில் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர், சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு வந்து அறையைத் திறப்பார். இளவயதில் கோயில் நோம்பிகளில் உருமி அடித்தவர். செட்டுக்காரர்கள் அடிப்பதைச் செல்போனில் பிடித்துப் பிடித்துச் சலித்துப்போய், ஒழுங்காகப் பதிய வேண்டும் என்று இதில் இறங்கியிருக்கிறார். என்ன மைக் வைத்திருக்கிறீர்கள் என்று நானும் எல்லோரையும் போலத்தான் கேட்டேன்.

"மைக்கை அப்புறம் பாத்துக்கலாமுங்ண்ணா. மொதல்ல உள்ள வந்து கையைத் தட்டுங்க."

தட்டினேன். கை ஓசை கையிலேயே நின்றது. பிறகு வெளியே கூட்டிப்போய், இதே அளவில் பூட்டிக் கிடந்த பக்கத்து அறையைத் திறந்து அங்கேயும் தட்டச் சொன்னார். சுவருக்குச் சுவர் தாவி 'கிணுகிணு' என்று ஒரு வால் நீண்டது. அந்த வால் பாட்டில் ஏறிவிட்டால் எந்த மென்பொருளாலும் சுத்தமாக அறுத்தெறிய முடியாது. வீட்டில் பதிந்த பாட்டு வீட்டில் பதிந்தது போலவே கேட்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

அறை பத்துக்குப் பத்து. கூரையும் ஏறத்தாழ பத்தடி. ஒலிக்கு இதைவிட மோசமான அளவு இல்லை. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. பத்தடி இடைவெளியில் எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸ் அருகே அது முட்டிக்கொண்டு தேங்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருந்தால் மூன்று தேக்கமும் ஒரே சுருதியில் விழுந்து, அடித்தொனி ஒரு மூலையில் ஊதிப் பெருக்கும், நடு அறையில் காணாமல் போகும். ஊரெல்லாம் லைன் வீடுகளைப் பத்துக்குப் பத்தாகக் கட்டியவர்கள் இதையா யோசித்திருப்பார்கள்! அறையை மாற்ற முடியாது, வாடகை அறை. அதனால் மூலைகளை அடைத்திருக்கிறார்.

அடைத்தது பனியன் வேஸ்ட்டால். இந்த ஊரில் கட்டிங் டேபிளில் விழும் துண்டுகள் குப்பை அல்ல, சரக்கு. நிறம் பிரித்து எடை போட்டு விற்கும் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. அதைப் பஞ்சாகக் கிழித்து மறுபடி நூலாக்கும் ஓப்பன் எண்ட் மில்களும் சுற்றுவட்டாரத்தில் இருக்கின்றன. முதலில் துண்டுத் துணிகளையே மரச்சட்டத்துக்குள் திணித்துப் பார்த்தாராம். சில மாதத்தில் அது கீழே இறங்கி, மேல் பாதி வெறும் பையாகத் தொங்கியது. பிறகுதான் மில்லில் கிழித்த பஞ்சை வாங்கியிருக்கிறார். அதுவும் இறங்கும். அதற்கு வழி சொன்னவர் மெத்தை தைக்கும் பாய் ஒருவர். நீளமான ஊசியில் முன்னும் பின்னும் குத்தி, சாணுக்கு ஒரு முடிச்சு போட்டுக் கொடுத்திருக்கிறார். மெத்தையில் பஞ்சு ஒதுங்காமல் நிற்க எது செய்கிறார்களோ அதேதான். இரண்டு வருடமாகப் பஞ்சு அசையவில்லை.

ஒரு சட்டம் இரண்டடிக்கு நான்கடி, நான்கு அங்குலக் கனம், ஏறத்தாழ மூன்று கிலோ பஞ்சு. கணக்குப் போட்டால் கன மீட்டருக்கு 40 கிலோ வருகிறது. ஸ்டுடியோக்களில் வைக்கும் ராக்வூல் பலகைகளின் அடர்த்திக்கு அது வெகு தூரமில்லை. இன்னும் திணித்தால் நல்லது என்று தோன்றும். கெட்டியாகத் திணித்தால் காற்று உள்ளே நுழையாது, நுழையாத இடத்தில் ஒலியும் கரையாது, சுவரைப் போலத் திருப்பி அனுப்பிவிடும். சட்டத்தைச் சுவரில் ஒட்டி வைக்காமல் பின்னால் நான்கு அங்குலம் இடைவெளி விட்டிருக்கிறார். செலவில்லாமல் கனத்தை இரட்டிப்பாக்கும் வித்தை அது. சுவரை ஒட்டிய இடத்தில் காற்றின் அசைவு மிகக் குறைவு, விலகி நிற்கும் பஞ்சில்தான் அது சிக்கும்.

ஆன்லைனில் வாங்கி ஒட்டும் ஓர் அங்குல ஃபோம் முக்கோணங்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. 'ஸ்', 'ச்' ஓசைகளை மட்டும் அவை விழுங்கும். ஆண்குரலின் அடிப்பகுதி 100 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. அந்த அலையின் நீளம் மூன்றரை மீட்டர். ஓர் அங்குல ஃபோம் இருப்பதே அதற்குத் தெரியாது. மேல் ஓசை செத்து, கீழ் ஓசை மட்டும் உருளும் அறை வெறும் அறையைவிடக் கேடு. முட்டை அட்டையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பஞ்சுச் சட்டத்தின் மேலே போர்த்தும் துணியைத் தேர்ந்தெடுத்த விதம்தான் என்னை அசத்தியது. ஸ்டுடியோ கட்டுபவர்கள் அதற்கென்றே தனித்துணியை இறக்குமதி விலைக்கு விற்கிறார்கள். இவர் காதர்பேட்டையில் மிச்சத் துணி வாங்கி வந்து உதட்டில் வைத்து ஊதிப் பார்த்திருக்கிறார். மூச்சு தடையின்றிப் போனால் ஒலியும் போகும். "இது 140 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்ஸிங்ண்ணா. 220க்கு மேல போனா, இன்டர்லாக்கா இருந்தா, ஊதுனா கன்னம் வலிக்கும்." வாழ்நாளெல்லாம் துணியைத் தொட்டே எடை சொல்பவருக்குப் பாதிப் பாடம் கையிலேயே இருக்கிறது. மைக்குக்கு முன்னால் 'ப', 'ப்ப' என்று வெடிக்கும் காற்றைத் தடுக்கும் வட்டமும் எம்பிராய்டரி வளையத்தில் மெல்லிய பின்னல் துணியை இழுத்துக் கட்டியதுதான்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியாது: பஞ்சு தீப்பிடிக்கும். பனியன் குடோன்கள் எரிந்த செய்தியை இந்த ஊர்க்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அறையில் ஊதுபத்தி கூட ஏற்றுவதில்லை, வயர்கள் எல்லாம் குழாய்க்குள் போகின்றன, கதவருகே தீயணைப்பான் தொங்குகிறது. பூஜை போட்டுத்தான் பாடுவேன் என்ற ஒரு பக்திப் பாடகரை வாசலில் சூடம் கொளுத்தவைத்து உள்ளே அழைத்தாராம்.

இத்தனையும் உள்ளே பிறக்கும் ஓசைக்கு. வெளியிலிருந்து வரும் ஓசையைப் பஞ்சு தடுக்காது. இதை ஒன்றாகக் குழப்பிக்கொண்டு பணத்தை விட்டவர்கள் பலர். வெளிச்சத்தத்தைத் தடுப்பது கனமும் காற்றுப் புகாத அடைப்பும். செங்கல் சுவர் தன் வேலையைச் செய்கிறது, ஓட்டை விடுவது கதவும் ஜன்னலும். சுவரின் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தாலே 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது, மற்ற தொண்ணூற்றொன்பது பங்கு எவ்வளவு கனமாக இருந்தாலும் சரி. கதவின் அடி இடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டிய அன்றுதான் அறை அறையானது என்றார். ஜன்னலை இரண்டு அடுக்கு பிளைவுட்டால் மூடி, விளிம்பெல்லாம் மக்கு பூசியிருக்கிறார். அதனால் காற்றோட்டம் இல்லை, ஃபேனும் போடக்கூடாது. சித்திரையில் பத்து நிமிடம் பாடினால் சட்டை நனைந்து கதவைத் திறக்க வேண்டியதுதான்.

அப்படியும் தறி உள்ளே வருகிறது, காற்று வழியாக அல்ல, தரை வழியாக. சாதா விசைத்தறி நிமிடத்துக்கு நூற்றுச் சொச்சம் தடவை அடிக்கும். அது வெறும் இரைச்சலாக இருந்தால் பரவாயில்லை, அது தாளம். கும்மிப் பாட்டு ஒரு காலத்தில் போக, அடியில் தறி வேறொரு காலத்தில் போகும். ஹெட்போனில் உற்றுக் கேட்டால் இரண்டும் ஓரிடத்தில் சேர்ந்து, மறுபடி விலகி, பாடுபவர் தடுமாறுவது போல ஒரு பிரமை எழும். மைக் ஸ்டாண்டுக்கு அடியில் ரப்பரும், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டரும் கொஞ்சம் காப்பாற்றும். மிச்சத்தைக் கடிகாரம்தான் காப்பாற்ற வேண்டும். தறி நிற்கும் ஞாயிறு காலை இவருக்குப் பொன். மின்வெட்டும் அப்படித்தான். தெரு முழுக்க அடங்கும், லேப்டாப் பேட்டரியில் ஓடும், மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் இன்டர்ஃபேஸுக்கு வேண்டிய மின்சாரமும் அதிலிருந்தே போகும். பேட்டரியில் ஓடும்போது வயரில் வரும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் நின்றுவிடுகிறது. 2022 தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டு விசைத்தறிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்த வாரங்களில் ஊரே அமைதியாக இருந்தது. "அப்ப எத்தனை பாட்டுப் பதிஞ்சீங்க?" என்று கேட்டேன். "யாருகிட்டயும் காசு இல்லீங்ண்ணா, யார் வந்து பாடறது?" என்றார்.

இனி மைக். கணக்கை அவரே சொன்னார்: பழைய லேப்டாப் 14,000 ரூபாய், கைமாறி வந்த இரண்டு வழி இன்டர்ஃபேஸ் 6,000, டைனமிக் மைக் 4,500, ஹெட்போன் 2,500, ஸ்டாண்டும் கேபிளும் 1,500, அறைக்கு 6,000. எல்லாம் சேர்ந்து 34,500. மென்பொருள் ரீப்பர். அறுபது நாள் இலவசமாக ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு 60 டாலருக்கு உரிமம் வாங்கலாம். கண்டென்சர் மைக் ஏன் இல்லை என்பதற்கு அவரிடம் தெளிவான பதில் இருந்தது, நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். கண்டென்சர் நுட்பமாகக் கேட்கும், ஆகவே தெருவையும் நுட்பமாகக் கேட்கும். டைனமிக் மைக்கை வாயருகே நான்கு விரல் தூரத்தில் வைத்தால் குரல் மட்டும் முன்னால் நிற்கும். அறை சரியாகும்வரை விலை உயர்ந்த மைக் வாங்குவது காசைக் கொடுத்து அறையின் குறையைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்வதுதான்.

வீட்டில் பதிவது சின்னவர்கள் வேலை என்று நினைக்க வேண்டியதில்லை. ஏ. ஆர். ரஹ்மான் 1989இல் கோடம்பாக்கத்தில் வீட்டை ஒட்டித் தொடங்கிய பஞ்சதன் ஸ்டுடியோவிலிருந்துதான் 1992இல் 'ரோஜா' வந்தது. அமெரிக்காவில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் வெளியிட்ட 'நெப்ராஸ்கா', படுக்கையறையில் நான்கு டிராக் கேசட் இயந்திரத்தில் பதிந்தது. ஆனால் இந்த வட்டாரத்துக்கு அதைவிட நெருக்கமான முன்கதை ஒன்று உண்டு. கனடாவின் மானிடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக், காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி, 1965இல் உடுக்கடிக் கலைஞர்கள் பாடிய அண்ணமார் கதையை டேப்பில் பதிந்தார். சென்னை ஆசியவியல் நிறுவனம் 1992இல் அதை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. பஞ்சுமில்லை, இன்டர்ஃபேஸுமில்லை. கலைஞர்கள் இருக்கும் ஊருக்குக் கருவி போனது.

அந்தக் கதை எனக்கு நினைவு வரக் காரணம், நான் போன ஞாயிறன்று வந்திருந்த உடுக்கைக்காரப் பெரியவர். காதில் ஹெட்போனை மாட்டியதும் கழற்றினார். "கண்ணு, இதைய மாட்டுனா என்ற உடுக்கை எங்கியோ அடுத்த ஊர்ல அடிக்கற மாதிரி இருக்குது." ஒரு காதை விட்டுவிட்டு மாட்டிப் பார்த்தார்கள், சரிவரவில்லை. கிளிக் ஓசைக்கு அடிக்கச் சொன்னபோது பெரியவர் சிரித்தார். கதையில் அண்ணன்மார் குதிரை ஏறும் இடத்தில் காலம் தானே ஏறும், யாரைக் கேட்டு? கிளிக்கை அணைத்தார்கள். அடுத்த சிக்கல் அளவு. உடுக்கையின் முதல் அடி ஊசியாகக் குத்தும், குரலுக்கு வைத்த அளவில் அது வெடித்துச் சிதறும். ஸ்டுடியோக்காரர் அளவைக் குறைத்து 24 பிட்டில் பதிந்தார். பின்னால் தூக்கிக்கொள்ளலாம், வெடித்ததை ஒட்டவைக்க முடியாது.

பதிந்ததைக் கேட்டபோது எனக்குத் திருப்தி இல்லை. குரல் நன்றாக இருந்தது. உடுக்கை மட்டும் துணி சுற்றிய பாத்திரமாக மொத்தென்று கேட்டது. இத்தனை பஞ்சு அந்தக் கருவிக்கு ஆகாது, அதற்குக் கொஞ்சம் சுவர் வேண்டும். சொன்னேன். அவர் வாதாடவில்லை. மைக்கைத் திண்ணைக்கு நகர்த்தினார், கேபிள் உள்ளிருந்து வர வேண்டியிருந்ததால் கதவைத் திறந்து வைத்தே பதிந்தார். ஒரு காகமும் எங்கோ போன மொபெட்டும் உள்ளே வந்துவிட்டன. உடுக்கை உயிரோடு இருந்தது. எது வேண்டும் என்று பெரியவரிடமே கேட்டபோது, அவர் திண்ணையைத்தான் எடுத்துக்கொண்டார்.

வள்ளிக் கும்மிக்கு இந்த அறை எப்படியும் போதாது. கோவைப் பக்கத்து ஆசான் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்த கலை இது. இப்போது ஊருக்கு ஊர் குழு இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் சொந்தப் பாட்டு வேண்டியிருக்கிறது. ஸ்டுடியோக்காரர் கும்மி ஆசிரியரின் குரலை அறையில் பதிகிறார். பெண்கள் சேர்ந்து பாடுவதையும் கை தட்டுவதையும் கோயில் திடலில் விடிகாலையில், வட்டத்தின் நடுவே மைக்கை நட்டுப் பதிந்து வந்து சேர்க்கிறார்.

வருபவர்கள் கும்மிக்காரர்கள், தென்மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பங்களின் ஜெபப் பாடல் குழுக்கள், அப்புறம் ஒடிசாவிலிருந்து வந்த தறிக்காரப் பையன்கள். பையன்கள் போனில் இசையைக் கொண்டு வருவார்கள், மேலே பாடிப் பதிந்து ஊருக்கு அனுப்புவார்கள். மொழி புரியாமலேயே சுருதி விலகும் இடத்தை இவர் கைகாட்டி நிறுத்துகிறார். கூலி எப்படி என்று கேட்டேன். ஆரம்பத்தில் பீஸ் ரேட், அதாவது பாட்டுக்கு இவ்வளவு. ஒரு பாட்டை நாள் முழுக்க இழுத்தவர்கள் வந்த பிறகு ஷிப்ட் கணக்குக்கு மாறிவிட்டார். கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைத்து அதன் வலி தெரிந்தவர், தன் கடைக்கும் முதலில் அதையே வைத்தது விசித்திரம்தான்.

முடிந்த பாட்டை அவர் ஹெட்போனில் மட்டும் கேட்டு அனுப்புவதில்லை. இந்தப் பாட்டுகள் கடைசியில் ஒலிக்கப் போவது நோம்பிக்குக் கட்டும் ரேடியோ செட்டில். மரத்தில் தொங்கும் குழாய் ஸ்பீக்கர் அடித்தொனியையும் உச்சியையும் வெட்டி, நடுவை மட்டும் ஊருக்குக் கொடுக்கும். பேஸ் போட்டு அழகாகக் கலந்த பாட்டு அதில் கரகரவென்று போகும். ஆகவே ரேடியோ செட்காரர் ஒருவரின் குடோனில் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் கையைவிட்டு அனுப்புகிறார். அன்று மாலை ஒரு கும்மிப் பாட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார், நானும் ஏறிக்கொண்டேன். குழாயில் இரண்டு சரணம் ஓடியது. அங்கே வந்திருந்த கும்மி ஆசிரியர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"தட்டற சத்தம் மேல ஏறுதுங்க தம்பி. வள்ளி பேரே கேக்க மாட்டீங்குது."

"ஆல்ட்டருங்களா?" தையல் சரியில்லாமல் திரும்பி வரும் பீஸுக்குக் கம்பெனியில் சொல்லும் வார்த்தை அது.

"ஆல்ட்டருதான்."

ஸ்டுடியோக்காரர் பென்டிரைவைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த ஞாயிறு ஒடிசாப் பையன்களுக்குக் கொடுத்துவிட்டதால், புதன்கிழமை மதியம் மின்வெட்டு இருக்கிறதா என்று மின்வாரிய அலுவலகத்துக்குப் போன் போட ஆரம்பித்தார்.