கச்சிராயபாளையத்துக் காளங்கன்று

கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி உட்கார்ந்தால், சற்று நேரத்தில் கல்வராயன் மலை எழுந்து வந்து ஜன்னலை அடைத்துக்கொள்கிறது. மலையடிவாரத்தில் கச்சிராயபாளையம். பக்கத்திலேயே 1965-ல் கட்டிய கோமுகி அணை. ஊரில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் இருக்கிறது. எங்கு திரும்பினாலும் கரும்பு!

அந்தக் கரும்பை ஒரு காலத்தில் மாட்டு வண்டிகள்தாம் சுமந்தன. டிராக்டர் வந்த பிறகு மாடுகள் குறைந்துவிட்டன, அடியோடு போய்விடவில்லை. ஒரு வீட்டு வாசலில் தாய்க்கும் மகனுக்கும் வாக்குவாதம். நடுவே வெள்ளைவெளேரென்று ஒரு காளங்கன்று. பார்வைக்கு முழு மாடுதான்! வண்டியில் பூட்டலாம் என்கிறார் மகன். கூடாது என்கிறார் தாய்.

"வளத்தியைப் பாத்து ஏமாறாதீங்க தம்பி, வாயைப் பாருங்க" என்று அந்த அம்மாள் கன்றின் கீழுதட்டை விலக்கிக் காட்டினார். நடுவில் இரண்டு பெரிய பற்கள். இருபுறமும் சின்னச் சின்னப் பால்பற்கள். "ரெண்டு பல்லுதான் போட்டிருக்கு. நாலாவது ஆவட்டும்."

"அதுவரைக்கும் வாடகை வண்டிக்குக் காசு யாரும்மா கொடுக்கிறது?" என்றார் மகன். நியாயமான கேள்விதான். கடைசியில், கிழட்டு மாட்டோடு ஜோடி சேர்த்து வெறும் கட்டையை இழுக்கப் பழக்குவது என்று சமாதானமாயிற்று.

மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல்லே கிடையாது. கீழே உள்ள எட்டும் ஜோடி ஜோடியாக விழுந்து முளைக்கும். முதல் ஜோடி இரண்டு வயதையொட்டி. எட்டும் சேர நான்கு வயதாகிவிடும். அந்த அம்மாள் பல்லில் படிப்பதை டாக்டர்கள் எக்ஸ்ரேயில் படிக்கிறார்கள். எலும்பின் நுனியருகே குருத்தெலும்புப் பட்டை ஒன்று இருக்கிறது. எலும்பு நீளுவது அங்கேதான். பட்டை இறுகி எலும்பானால் வளர்ச்சி முடிந்தது. அது எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் நடப்பதில்லை. குதிரைக்குக் குளம்பருகே ஒரு வயதுக்குள் இறுகிவிடும். முன்னங்கால் முட்டிக்கு மேலே இரண்டு, இரண்டரை வயதாகும். முதுகெலும்புக்கோ ஐந்து வயதும் தாண்டும். மனிதன் ஏறி உட்காருவது எங்கே? அந்த முதுகின்மேல்தான்!

பந்தயக் குதிரைகள் இரண்டு வயதிலேயே ஓடுகின்றன. அதிலும் ஒரு வேடிக்கை: பூமியின் வடபாதியில் பிறந்த பந்தயக் குதிரைக்கெல்லாம் ஜனவரி 1-ந் தேதி ஒரு வயது கூடிவிடும். மே மாதத்துக் குட்டி, இருபதே மாதத்தில் காகிதத்தில் இரண்டு வயது! அதற்காகக் கட்டியே வைப்பதும் நல்லதல்ல. இளம் வயதில் அளவாக ஓடி நடந்தால் எலும்பு உரம் பெறுகிறது. பாரம்தான் பொறுக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1965-ல் வந்த மத்திய அரசு விதிகள், வண்டி மாட்டை ஒரு நாளில் 9 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்கின்றன. ஓய்வில்லாமல் 5 மணிக்கு மேல் கூடாது. பாரத்துக்கு மாட்டின் எடையே கணக்கு: 200 கிலோ வரை சிறியது, 350 வரை நடுத்தரம், அதற்குமேல் பெரியது. வாசலில் நின்ற கன்றைத் தராசில் ஏற்றினால் நடுத்தரம் என்றுதான் சொல்லும்.