யூதர்கள் கட்டிய சபா

நியூயார்க்கில் ஏதாவது கச்சேரி, நாட்டியம், கவிதை வாசிப்பு என்று நண்பர்களைக் கூப்பிட்டால் நம்மாட்கள் உற்சாகமாகக் கிளம்பி விடுவார்கள். இடம் "நைன்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட் ஒய்" என்றதும் மட்டும் ஒரு சந்தேகம் வரும். "அது யூதர்களோட இடமாச்சே மச்சி, நம்மள எல்லாம் உள்ள விடுவாங்களா?"

விடுவாங்க சாமி. டிக்கெட் இருந்தா போதும்.

லெக்சிங்டன் அவென்யூவும் 92ஆம் தெருவும் சந்திக்கிற மூலையில் இருக்கிறது அந்தக் கட்டடம். 2022ல் பெயரைச் சுருக்கி '92என்ஒய்' ஆக்கி விட்டார்கள். ஆரம்பித்தது 1874ல். ஜெர்மனியிலிருந்து வந்து இங்கே காலூன்றிய யூத வியாபாரிகளும் படித்தவர்களும் சேர்ந்து, கிறிஸ்தவர்களின் ஒய்எம்சிஏ மாதிரி நம்ம பசங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று தொடங்கிய 'இளைஞர் எபிரேயர் சங்கம்'. நீச்சல் குளம், ஜிம், குழந்தைகளுக்கு நர்சரி, யூதப் பண்டிகைகள் என ஒரு சமூக மையத்துக்கு உண்டான எல்லாம் உண்டு. கூடவே சுமார் 900 பேர் உட்காரக்கூடிய ஒரு அரங்கம். என் பதிவே அந்த அரங்கத்தைப் பற்றித்தான்.

1934ல் வில்லியம் கொலோட்னி என்று ஒருவர் இங்கே கல்விப் பிரிவுக்குப் பொறுப்பாளராக வருகிறார். சங்கத்து மேடையில் சங்கத்து ஆட்கள் மட்டும் ஏறினால் போதாது என்று நினைத்த மனுஷர். 1935ல் நடன மையம், 1939ல் கவிதை மையம். அப்போது மாடர்ன் டான்ஸ் என்பது ஆளும் பணமும் இல்லாத கலை. பிராட்வே தியேட்டர் வாடகை கட்டுப்படியாகாது. மார்த்தா கிரஹாம் மாதிரி ஆட்களை இவர் கூப்பிட்டு, இங்கே ஆடுங்க, இங்கேயே சொல்லிக் கொடுங்க என்றார்.

1958 மார்ச் 30. ஆல்வின் ஐலி என்ற கறுப்பின இளைஞர் தன் குழுவின் முதல் நிகழ்ச்சியை இந்த மேடையில்தான் நடத்தினார். வயது 27. (கிட்டத்தட்ட என் வயசு. நான் இன்னும் பக் ஃபிக்ஸ் பண்ணிட்டு இருக்கேன் :-)) கறுப்பினக் கலைஞர்களுக்கு நல்ல மேடை கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்த காலம் அது. 1960 ஜனவரியில் 'ரெவலேஷன்ஸ்' அரங்கேறியதும் இங்கேதான். டெக்சாஸில் சின்ன வயதில் சர்ச்சில் கேட்ட பாடல்களை வைத்து அவர் அமைத்த நாட்டியம், ஒரு யூத சமூக மையத்தில் முதல் கைத்தட்டலை வாங்கியது. அந்தக் குழு இன்று உலகம் சுற்றுகிறது.

டிலன் தாமஸ் கதை இன்னும் சுவாரஸ்யம். அவருடைய 'அண்டர் மில்க் வுட்' நாடகம் 1953 மே மாதம் இங்கே முதல்முறை பல குரல்களில் வாசிக்கப்பட்டது. திரை விலகும் நேரம் நெருங்கியும் மனிதர் எழுதி முடிக்கவில்லை. கடைசிப் பக்கங்கள் நடிகர்கள் கைக்கு வந்தது மேடை ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால். நம்ம ரிலீஸ் நாள் மாதிரியே இல்ல? மேடையில் வைத்த ஒரு மைக்கில் பதிவானது பிறகு இசைத்தட்டாக வந்தது. அதே வருஷம் நவம்பரில் அவர் இறந்து போனார்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு 2023ஐச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். அடுத்து காசா மீது குண்டுவீச்சு. அக்டோபர் 20 அன்று எழுத்தாளர் வியட் தான் நுயென் இங்கே பேசுவதாக இருந்தது. வியட்நாமிலிருந்து அகதியாக வந்தவர், 2016ல் புலிட்சர் பரிசு வாங்கியவர். இஸ்ரேலைக் கண்டித்த ஒரு பகிரங்கக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். நிகழ்ச்சியைத் தள்ளி வைத்துவிட்டார்கள். அன்று இரவே அவர் மன்ஹாட்டனில் ஒரு புத்தகக் கடையில் பேசினார். கவிதை மையத்தில் சிலர் வேலையை விட்டார்கள், வேறு எழுத்தாளர்கள் விலகினார்கள், வாசிப்புத் தொடரே நின்றது.

இழவு வீட்டுக்காரரிடம் போய் தர்க்கம் பேசக்கூடாது என்று நம்ம ஊரில் சொல்வார்கள். அந்த மையத்து உறுப்பினர்கள் பலருக்கு அது இழவு வீடுதான், புரிகிறது. அப்படியும் அந்த முடிவு எனக்கு ஒப்பவில்லை. ஐலிக்கு மேடை கொடுத்தது பெரிய மனசு, சந்தேகமே இல்லை. ஆனால் ஐலி ஆடியது அவருடைய வலியை. வீட்டுக்காரர் காயத்தில் அவர் கை வைக்கவில்லை. நுயென் விஷயத்தில் காயம் வீட்டுக்காரருடையது. உண்மையான பரீட்சை அங்கேதான் வருகிறது, அதில் தடுக்கிவிட்டார்கள்.

இதை எழுதும்போது நம்ம தமிழ்ச் சங்கங்கள் ஞாபகம் வராமல் இல்லை. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துகிற நாம் அடுத்தவருக்கு மேடை கொடுத்தது எத்தனை முறை? நமக்கு வலிக்கிற ஒன்றைச் சொல்லக்கூடிய ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்திருப்போமா? பணம் கொடுக்கிற பெரியவர் ஒருத்தர் முகம் சுளித்தாலே பேச்சாளர் மாறிவிடுவார். ஒய்யைக் குறை சொல்லும் முன்னால், அவர்கள் பாஸ் பண்ணிய முதல் பரீட்சைக்கே நாம் இன்னும் ஹால் டிக்கெட் வாங்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நியூயார்க் பக்கம் வந்தால் ஒரு நாட்டிய நிகழ்ச்சிக்காவது அங்கே போய்ப் பாருங்கள். தனியாப் போகப் பிடிக்கலன்னா சொல்லுங்க, நான் வர்றேன்.