கைம்பெண் கண்ட ஒளி

பெப்ரவரி 2ஆம் திகதி கத்தோலிக்க ஆலயங்களில் மெழுகுதிரிகளை ஆசீர்வதித்து, அவற்றை ஏந்திப் பவனி செல்வோம். குழந்தை இயேசுவை ஆலயத்தில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்ததை நினைவுகூரும் நாள் அது. முதியவரான சிமியோன் குழந்தையைக் கையிலேந்தி, பிற இனத்தாருக்கும் ஒளி இவரே என்றார். இது பலரும் அறிந்ததே.

அங்கே அன்னா என்ற பெண்ணும் நின்றார். கணவரோடு ஏழு ஆண்டுகளே வாழ்ந்தவர். 84 வயதுக் கைம்பெண். மீட்புக்காகக் காத்திருந்த எல்லோரிடமும் அக்குழந்தையைப் பற்றிப் பேசினார் என்கிறது லூக்கா நற்செய்தி.

இவ்விழா 4ஆம் நூற்றாண்டில் யெருசலேமில் கொண்டாடப்பட்டதை எழுதிவைத்தவர் எகேரியா என்ற பெண் யாத்திரிகர். அதில் திரியேந்தும் வழக்கத்தை 5ஆம் நூற்றாண்டில் தொடங்கியவரும் இக்கேலியா என்ற பெண்மணியே என்று பழைய துறவி ஒருவரின் வரலாறு கூறுகிறது.

யுத்தத்தில் கணவரை இழந்த என்னை, நல்ல காரியங்களில் குத்துவிளக்கேற்ற எவரும் அழைப்பதில்லை. உங்களில் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். ஆலயத்திலோ ஒருவர் திரியிலிருந்து மற்றவர் பற்றவைக்கிறோம். சென்ற வருடம் அயல்வீட்டுப் புதுமணப்பெண் என் திரியிலிருந்துதான் தன் திரியைப் பற்றவைத்தாள். யாரும் தடுக்கவில்லை.

ஒளிக்குத் தீட்டில்லை, சகோதரிகளே. நம் வீட்டு விளக்கை நாமே ஏற்றுவோம், பிள்ளைகளும் பார்க்கட்டும்.